ஏரி ஓரத்தில் நான் அடித்த கம்பி

மீஞ்சூரில் குடியிருக்கும் மகன் குமரேசனுக்கு, குப்பத்திலிருந்து நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, உன் பக்கத்து போர்ஷன்காரர் படித்தாலும் சரி, எனக்கு ஒன்றும் இல்லை. மறைத்து வைத்ததெல்லாம் போதும். யார் கையில் கிடைத்தாலும் விளங்கவேண்டும் என்பதால், உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் சில இடங்களில் விவரமாக எழுதுகிறேன். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. கோபப்படுவதற்கு இதில் வேறு நிறைய இருக்கிறது.

போன வாரம் உன் கடிதம் வந்தது. கலர் டிவி வாங்கியிருக்கிறாய், வீடியோ கேசட் ஓட்டுகிற டெக் வாங்கியிருக்கிறாய், துபாயிலிருந்து வந்த சிநேகிதனிடமிருந்து இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கரோடு ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கியிருக்கிறாய். மருமகளுக்கு ஏழாம் மாதம், வீட்டோடு இருக்கிற பெண்ணுக்குப் பொழுது போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம். அதற்குக் கீழே, "நைனா, ஞாயித்துக்கெழமை நீ வந்து எல்லாத்துக்கும் கனெக்‌ஷன் குடுத்துட்டுப் போ. என்னால ஆகாது. உனக்குத் தோதுப்படலன்னா கடைக்காரர் மெக்கானிக் அனுப்புறேன்னு சொல்றார்" என்று எழுதியிருந்தாய். அந்த 'என்னால ஆகாது' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன் நீ. மீஞ்சூர் கம்பெனியில் கரண்ட் வேலை கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லி, பேக்கிங் பிரிவுக்குப் போய் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். வீட்டில் ஃபியூஸ் போனால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறாயாம், மருமகள் சொல்லி உன் அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆகாது என்று உன்னைச் சொல்ல வைத்தவன் நான்.

என் பெருமையிலிருந்துதான் இது தொடங்குகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் குப்பத்துக்குக் கரண்ட் வந்த புதிதில், பழவேற்காட்டிலிருந்து படகில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் கொண்டுவந்து மைக் செட் போட்டவன் நான். வலைக்குப் போகாத நாளில் அதுதான் என் தொழில். கண்ணாலம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் நான் கரண்டுக்கு ஒரே ஒயர்தான் இழுப்பேன். போஸ்ட்டிலிருந்தோ கோயில் போர்டிலிருந்தோ ஒரு ஒயர் வரும். திரும்பிப் போகிற ஒயருக்குப் பதிலாக ஏரி ஓரத்துச் சேற்றில் ஒரு இரும்புக் கம்பியை அடித்துவிடுவேன். உப்புத் தண்ணீர் ஊறிய மண், கரண்ட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும். வேறு ஊர் மைக் செட்டுக்காரனுக்கு இந்த வசதி கிடையாது. "நம்ம ஏரியே நியூட்ரல்டா" என்று மார் தட்டிக்கொள்வேன். அதை எத்தனையோ பேர் புத்திசாலித்தனம் என்று மெச்சினார்கள். அரை ஒயர் மிச்சம் பிடிக்கிற சோம்பேறித்தனம் என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை, உன்னைத் தவிர.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்த ஒன்றை நீ மறந்திருக்கலாம். ஒரு கண்ணாலத்துக்கு இரண்டு குழாய் கட்டியிருந்தேன். பந்தலுக்கு நடுவில் நின்றால் பாட்டு சோகை பிடித்தமாதிரி கேட்டது. வால்யூமைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நீ இரண்டு குழாய்க்கும் நடுவில் போய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டு, "நைனா, ஒண்ணு தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது. ஒரு குழாய்க்கு ஒயரை மாத்திக் குடு" என்றாய். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "போடா, பால்குடி. வந்துட்டான் எனக்குச் சொல்லித் தர" என்று உன் தலையில் குட்டினேன். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனதும், யாரும் பார்க்காத நேரத்தில் ஏணி வைத்து ஏறி, ஒரு குழாயின் ஒயரை மாற்றிப் போட்டேன். பாட்டு கணீரென்று வந்தது. "எப்டிப்பா சரி பண்ணே?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, "அனுபவம்" என்றேன். நீ அங்கேதான் நின்றிருந்தாய், வாயைத் திறக்கவில்லை. நீ வாயைத் திறக்கமாட்டாய் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறக்கும். அது ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினால், சரி என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிடு. ஒரு தடவை முழுங்கினால் அடுத்த தடவை முழுங்குவது ரொம்பச் சுலபம், அதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இனி அம்மன் கொடை வருஷத்துக்கு வருகிறேன். நம் குப்பத்தில் முதல்முதலாக டெக் ஓடிய வருஷம். பழவேற்காட்டில் கடை வைத்திருந்த பாய், சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த கலர் டிவியையும் டெக்கையும் கொடுக்கச் சம்மதித்தார். டிவியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரே படகில் வந்தார். அலை கொஞ்சம் தூக்கினால், "மெதுவா, மெதுவா வாப்பா! தண்ணி பட்டுச்சுன்னா நானும் இதுகூட உள்ள போயிடுவேன்" என்று படகுக்காரனைக் கெஞ்சிக்கொண்டே வந்தாராம். நீ அப்போது ஐ.டி.ஐ. முடிக்கிற நேரம். கொடைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீ சாப்பாடு தூக்கம் இல்லாமல் திட்டம் போட்டாய். காலண்டர் தாளின் முதுகில், கரண்ட் ஒயருக்குச் சிவப்பு, படத்துக்கு நீலம், சத்தத்துக்குக் கறுப்பு என்று பென்சிலால் கோடு போட்டு என்னிடம் காட்டினாய். "டெக்கிலேர்ந்து படம் நேரா டிவிக்குப் போவுது நைனா. சத்தத்தை டிவிக்குக் குடுக்காதே, தனியா ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்துக்கலாம். அங்கேர்ந்து ஒரே ஒரு குழாய், ஜனம் பக்கம் பாத்து. கோயில் போர்டுலேர்ந்து கரண்டுக்கு ரெண்டு ஒயர், நடுவுல ஃபியூஸ். சத்தம் போற ஒயரும் கரண்ட் ஒயரும் ஒண்ணா ஓடக்கூடாது, உறுமும்" என்றாய். கோயிலிலிருந்து படம் போடுகிற திடலுக்கு நூறு தப்படி. நம்மிடம் அந்த நீளத்துக்கு இரண்டு சுருள் ஒயர்தான் இருந்தது. உன் கணக்குக்கு அது சரியாக இருந்தது.

என் கணக்கு வேறு. அதற்கு முந்தின மாதம் வடக்குக் குப்பத்தில் கொடை நடந்தது. அவர்கள் இரண்டு குழாய் கட்டி, அதில் ஒன்றை நம் பக்கம் பார்த்துத் திருப்பிவைத்து, மூன்று நாள் நம் காதைக் கிழித்தார்கள். சந்தையில் ஒருத்தன், "உங்க ஊர் குழாய் ஊதுனா உங்க ஊர் நாய்க்கே கேக்காதாமே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். அது எனக்கு நெஞ்சில் தைத்துக்கொண்டது. டெக்கும் கலர் டிவியும் வந்திருக்கிறது, அது வடக்குக் குப்பத்துக்குத் தெரியவேண்டாமா? கொடை அன்று காலையில் நீ திடலில் மேசை போட்டுக்கொண்டிருந்தபோது, கோயிலிலிருந்து நீ இழுத்துவைத்திருந்த இரண்டு ஒயரில் ஒன்றை நான் கழற்றினேன். அதைச் சுருட்டிக்கொண்டு போய், வடக்குக் கோடியில் சவுக்குக் கழி நட்டு, இரண்டாவது குழாயை வடக்குப் பார்த்துக் கட்டி, அந்த ஒயரில் அதற்குச் சத்தம் கொடுத்தேன். நீ ஓடிவந்தாய். "நைனா, அது திரும்புற ஒயரு. அத்த எடுத்தா இன்னா பண்றது?" என்றாய். "கம்பி இருக்குதுல்ல" என்றேன். "வேணாம் நைனா. பழைய மாரி இல்ல, ஜனம் நெறைய வரும், யாராவது தொட்டுட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். "ரெண்டு வருஷம் படிச்சுட்டா நீ எனக்கு வாத்தியாரா?" என்று கேட்டு உன் வாயை அடைத்தேன். ஒரு மனிதனின் சந்தைப் பேச்சுக்காக நான் அந்த ஒயரைக் கழற்றினேன் குமரேசா. இதைவிட அற்பமான காரணத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அந்த வருஷம் முகத்துவாரம் மணல் மூடிப் போய்விட்டது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை. ஏரி பின்வாங்கிக் கிடந்தது. நான் எப்போதும் கம்பி அடிக்கிற இடம் காய்ந்து வெடித்திருந்தது. மதியம் சோதித்துப் பார்த்தபோது படம் இரண்டு பக்கமும் சுருங்கி நடுங்கியது, குழாயில் ஒரே உறுமல். பாய் பதறிப்போய், "டிவி போயிடும்ப்பா, நிறுத்து" என்றார். "மண்ணு காஞ்சிருச்சு நைனா, ரெண்டாவது ஒயரைக் கொண்டாந்துடலாம்" என்று நீ மறுபடியும் சொன்னாய். நான் உனக்குப் பதில் சொல்லாமல் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய், தண்ணீர் நிற்கிற விளிம்பில், படகு கட்டுகிற முளைகளுக்கு நடுவே அடித்தேன். படம் நேரானது. ஜனம் கைதட்டியது. வடக்குக் குப்பத்தில் கேட்கவேண்டும் என்று வால்யூமை ஏற்றினேன். படகு கட்டுகிற இடத்தில் நிற்கிற கம்பியை, கண்ணுள்ள எவரும் படகு கட்டுகிற முளை என்றுதான் நினைப்பார்கள். நாற்பது வருஷம் படகு கட்டினவன் நான், எனக்குத் தெரியாதா?

நான்கு மணி இருக்கும். உன் கன்னியம்மா அத்தை, என் சித்தப்பா மகள், பழவேற்காட்டுச் சந்தையில் இறால் விற்றுவிட்டுப் படகில் வந்தாள். முதலில் இறங்கினது அவள்தான். படகுக்காரன் கயிற்றை வீச, கிட்டத்தில் இருந்த என் கம்பியில் அதைச் சுற்றியிருக்கிறாள். காற்றில் படகு இழுக்க, கம்பி ஆடிச் சேற்றிலிருந்து கிளம்பியிருக்கிறது. அதை அழுத்தி நட ஈரக் கையால் பிடித்தாள். மண்ணுக்குள் இறங்கவேண்டிய கரண்ட் அவள் உடம்பு வழியாக இறங்கியது. திடலில் எங்களுக்குப் படம் சுருங்கியது, சத்தம் இழுத்துக்கொண்டு போனது. ஜனம் கூச்சல் போட்டது. நீ ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய், பிறகு கோயிலைப் பார்த்து ஓடினாய். "ஏன்டா ஓடுறே, டெக்கைப் பாருடா!" என்று நான் கத்தினேன். அவள் கம்பியைப் பிடித்தபடி துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் டெக்கைப் பார்க்கச் சொல்லிக் கத்தினேன். நீ போய் மெயின் சுவிட்சை இழுத்துப் போட்டாய். அதனால்தான் அவள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள்.

ஜனம் அவளைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் வந்தபோது, நீ போர்டின் அருகில் சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தாய். "யார்டா ஒயர் கட்னது?" என்று யாரோ கேட்டார்கள். "இவன்தான். ஒரு வாரமா பேப்பர்ல படம் வரைஞ்சுக்கினு சுத்திக்கினு இருந்தான்" என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னிடம் வந்து, "எத்தினி வாட்டி சொன்னேன்டா உனக்கு!" என்று ஓங்கி அறைந்தேன். என்னத்தைச் சொன்னேன் நான் உனக்கு? ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவன் நீ. நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. நைனா இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், உன் கண்ணாலத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஆனால் உன் முகத்தை நேராகப் பார்த்ததே கிடையாது.

மறுநாள் காலையில் ஊர்க்கூட்டம். உனக்கு இதுவரை தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். கம்பியை அடித்தது யார் என்று உனக்கு அன்றைக்கே தெரியும். நைனா பயந்துபோய் வாயடைத்து நின்றுவிட்டார் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. நான் யோசித்துத்தான் நின்றேன். ஏரியில் எந்த நாள் எந்தத் துறையில் யார் இறால் வலை கட்டுவது என்பதை நம் ஊரில் சீட்டுப் போட்டு எடுக்கிறோம், அதற்குப் பாடு என்று பெயர். கண்ணாலம் ஆனவனுக்குத்தான் பாட்டில் பெயர் உண்டு, அவன்தான் தலைக்கட்டு. பெயர் உள்ளவன் ஊரில் ஒருத்தருக்கு ஊனம் வருகிற தப்பைச் செய்தால், சீட்டு ஒரு முழுச் சுற்று வரும்வரை ஏரியில் வலை வைக்க முடியாது. கூட்டத்துக்குப் போகிற வழியில் என் மனசு இதைத்தான் கணக்குப் போட்டது. அவனுக்குக் கண்ணாலம் ஆகவில்லை. அவன் பெயர் பாட்டிலேயே இல்லை. இழப்பதற்கு அவனிடம் ஒன்றும் கிடையாது. திட்டுவார்கள், விட்டுவிடுவார்கள். உன் அம்மாவின் இருமல், வீட்டுக் கூரை என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள எத்தனையோ காரணங்களைப் பிறகு கண்டுபிடித்தேன். முதலில் வந்த நினைப்பு பாடுதான்.

அவர்கள் திட்டிவிட்டு விடவில்லை. ஊர்த் தலைவரான பெரியதனக்காரர், "எங்க ஜனம் உசுரு உனக்கு வெளையாட்டா? இனிமே கரண்ட் ஒயரைத் தொடமாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணு" என்றார். அம்மன் எதிரில் கல்லின்மேல் கற்பூரம் ஏற்றினார்கள். நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "இந்தக் கை இனிமே கரண்ட் ஒயரைத் தொடாது" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். நீ மதிக்கிறவள் அம்மன். அவள்மேல் வைத்த சத்தியத்தை ஊர் எல்லைக்குள் மட்டும் என்று குறுக்கிக்கொள்ள உனக்குத் தோன்றாது. படித்த படிப்பை அந்தக் கல்லின்மேலேயே வைத்துவிட்டு வந்தாய். நான் நான்கு தப்படி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கையைக் கட்டினதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இழக்க உன்னிடம் ஒன்றும் இல்லை என்று நான் நினைத்ததற்கு, போன வருஷம் உன் கண்ணாலத்துக்குப் பிறகு பதில் கிடைத்தது. உன் பெயரைப் பாட்டில் சேர்க்கச் சொல்லிப் போனோம். "ஊனம் பண்ண கையாச்சே, கன்னியம்மா சம்மதிக்கட்டும், அப்பால பாக்கலாம்" என்றார்கள். அவள் சம்மதிக்கவில்லை. எப்படிச் சம்மதிப்பாள்? வலது கையில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். வலை பின்ன முடியாது, இறால் தலை கிள்ளுவதுகூட இடது கையால்தான். நீ அடுத்த வாரமே மீஞ்சூருக்குப் போய்விட்டாய். எல்லோரிடமும், "அவனுக்குத் தண்ணித் தொழில் புடிக்கல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதையும் எழுதாமல் விட்டால் கடிதம் முழுசாகாது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'என்னால ஆகாது' என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "ஆறு வருஷமா என் கையால சோறு துன்னியே" என்றாள், அவ்வளவுதான். "போ. மொதல்ல கன்னியம்மாகிட்ட போ. அப்பால ஊருக்குப் போ. எனக்கு வந்து சொல்லி ஒண்ணும் ஆவப்போறதில்ல" என்று செருப்பை எடுத்து என் காலடியில் போட்டாள்.

கன்னியம்மா வாசலில் இறால் கிள்ளிக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணே, இந்நேரத்துல?" என்றாள். உட்காராமலே சொன்னேன். "அது குமரேசன் இல்லம்மா. நான்தான்." அவளுக்குப் புரியவில்லை. "இன்னா நீதான்?" "அந்தக் கம்பிய அடிச்சது. அவன் ரெண்டு ஒயர் இழுத்து வச்சிருந்தான். நான்தான் ஒண்ணைக் கழட்டுனேன். ஓடிப்போய் சுவிட்சை இழுத்து உன்னைக் காப்பாத்துனவன் அவன்." அவள் கை நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் புள்ள தன் கண்ணாலத்துக்கு வெத்தல பாக்கு எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வந்துச்சுண்ணே" என்றாள். "நான் உள்ள இருந்துக்கினே கதவைச் சாத்திக்கினேன். அது தட்டை வாசப்படில வச்சிட்டு, போய்ட்டு வரேன் அத்தைன்னு சொல்லிட்டுப் போச்சு. விரலு போனது போவட்டும், அது விபத்துன்னு வையி. நான் கதவைச் சாத்துனேனே, அது யார் பண்ண வேல? அத்த எங்க கொண்டுபோயி வைக்கிறது, சொல்லு." இந்தக் கேள்வியை உனக்கும் எழுதி அனுப்புவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நேற்று ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னேன். நானே எழுந்து, ஒயரைக் கழற்றினதிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். வடக்குக் குப்பத்தான் பேச்சுக்காகக் கழற்றினேன் என்பதைச் சொல்லும்போதுதான் நாக்கு குழறியது. பெரியதனக்காரரும் நானும் ஒன்றாக வலை பிடித்து வளர்ந்தவர்கள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஆறு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்த நீ?" என்று மட்டும் கேட்டார். என் பெயரைப் பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஒரு சுற்று முடிகிறவரை. உன் பெயரைச் சேர்க்கக் கன்னியம்மாவே கையைத் தூக்கிச் சம்மதம் சொன்னாள், அந்த மடங்கின விரல் கையைத்தான் தூக்கினாள். நீ வந்து வலை வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம், அதில் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

பிறகு உன் சத்தியத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பொய்யாக வாங்கின சத்தியம், அது செல்லாது என்று சிலர் சொன்னார்கள். பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "கற்பூரத்த அணைச்சது அணைச்சதுதான். அது சும்மா அந்தரத்துல நிக்காது. தப்பு யாருதோ அவன் கை அத்த வாங்கிக்கணும்" என்றார். அதே கல்லின்மேல் கற்பூரம் ஏற்றினார்கள். உன் பெயரைச் சொல்லி, நீ வைத்ததை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். இந்தக் கை இனிமேல் கரண்ட் ஒயரைத் தொடாது என்று அடித்து அணைத்தேன். சுட்டது குமரேசா. அன்றைக்கு நீ முகம் சுளிக்காமல் அணைத்தாய். அறுபது வயதுக் கை, எனக்குத் தாங்கவில்லை, ஊர் எதிரில் ஐயோ என்று கத்திவிட்டேன். ஆம்ப்ளிஃபயரையும் குழாய்களையும் கோயிலில் ஒப்படைத்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று நான் எழுதப்போவதில்லை. அப்படி எழுதினால், பரவாயில்லை நைனா என்று நீ உடனே பதில் போட்டுவிடுவாய். நீ அப்படிப்பட்டவன், அதை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் பிழைத்தேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எழுதவேண்டும் என்று தோன்றினால் எழுது, திட்ட வேண்டும் என்று தோன்றினால் நேரில் திட்டு, மருமகள் எதிரில் திட்டினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் வருகிறோம், நானும் உன் அம்மாவும் கன்னியம்மாவும். காலைப் படகில் பழவேற்காடு வந்து, பஸ்ஸில் பொன்னேரி போய் ரயில் பிடித்து, பதினொரு மணிக்குள் வந்துவிடுவோம். கன்னியம்மா இரண்டு நாளாக உனக்காக நல்ல இறாலாகப் பொறுக்கிக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். கதவு விஷயத்தை அவளே உன்னிடம் பேசிக்கொள்கிறாளாம், என்னைக் குறுக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கடைக்காரரிடம் சொல்லி அந்த மெக்கானிக்கை வரவேண்டாம் என்று நிறுத்திவிடு. நான் உன் வீட்டுக்கு வருவேனே தவிர, உன் டிவிக்கோ டெக்குக்கோ என்னால் கனெக்‌ஷன் கொடுக்க முடியாது. நம் குடும்பத்தில் ஒயரைத் தொடலாம் என்று இருக்கிற கை இனி உன் கை ஒன்றுதான்.

நைனா